காந்தத்திலிருந்து அரையடி

ஜூன் 3, திங்கள்

இன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி வருவதற்குள் கார்க்காரன் இரண்டு இடத்தில் டீக்கு நிறுத்தப் பார்த்தான். நான் விடவில்லை.

இந்த டைரி மருந்துக் கடையில் கொடுத்தது. கிளம்பும்போது நர்ஸ், "தினமும் நாடி எவ்வளவு, தலைசுத்தல் உண்டா, காயம் எப்படி இருக்குன்னு எழுதி வைங்கம்மா. அடுத்த தடவை கொண்டாங்க" என்றாள். நாடியைத் தனித்தாளில் எழுதிக்கொள்கிறேன். எழுத உட்கார்ந்தால் நாடியோடு நிறுத்துகிற ஆள் இல்லை நான். இது எனக்கு.

இவருக்கு இடது தோள் எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பேஸ்மேக்கர். இதயம் துடிக்க மறந்தால் அது ஒரு தட்டுத் தட்டும். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. செல்போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தோம். கடைசியாக நர்ஸ், "காந்தம் எதுவும் இந்தப் பெட்டிக்கு அரையடிக்குள்ள வரக் கூடாது. பெரிய ஸ்பீக்கர்னா ஒரு கை தூரமாவது தள்ளி இருங்க" என்றாள்.

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஐயா என்ன வேலை பாக்குறீங்க?"

நான்தான் சொன்னேன். "ஸ்பீக்கர் ரிப்பேரும்மா. தொபியாஸ் சவுண்ட்ஸ்னு."

எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. சுவரோரம் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் வட்டக் காந்தம். சில காந்தங்கள் தோசைக்கல் அகலம் இருக்கும். நடுவில் ஒரு ஆள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடக்கத்தான் இடம். அதனால் இவரைப் பக்கத்து வீட்டு ரீத்தாக்காவின் முற்றம் வழியாகப் பின்வாசலுக்குக் கூட்டிவந்தேன். கோழிகளைத் தாண்டி வரும்போது, "திருடன் மாதிரி வருதேன் பாரு, என் வீட்டுக்கே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு உள்ளே வந்ததும் நின்றுவிட்டது.

ஜூன் 4, செவ்வாய்

நாடி சரி. கஞ்சி குடித்தார். என் கட்டிலைத் தையல் அறைக்கு மாற்றிக்கொண்டேன். தூக்கத்தில் நான் உருண்டு அவர் கையில் இடித்துவிட்டால்?

ஜூன் 6, வியாழன்

ஊசியை நூலில் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். காந்தம் இருக்கிற பக்கம் ஊசி தலையைத் திருப்பும். ஒரு வீட்டுக்குள் இத்தனை காந்தம் இருக்கும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றி இருப்பது வெறும் ரப்பர் என்று இருபது வருஷமாக நம்பியிருக்கிறேன். அந்த ரப்பருக்குள் நாலு பக்கமும் காந்தம் ஓடுகிறது. கதவை மூடிவைத்திருப்பதே அதுதானாம். என் கைப்பையின் பொத்தான், செல்போன் உறையின் மடிப்பு, போன வருஷம் மகள் செலின் வாங்கிப்போட்ட கொசுவலைத் திரை, சுவரில் மணி அடிக்கிற பெட்டி, அவள் விட்டுப்போன காதில் மாட்டுகிற பாட்டுக் கருவி. எல்லாம் ஊசியை இழுத்தது. திரையைக் கழற்றி ரீத்தாக்காவிடம் கொடுத்துவிட்டேன். பையையும்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து என் ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிக்ஸி கிட்டப் போ. அங்கன ஒண்ணும் இழுக்காது" என்றார். இழுக்கவில்லை. "உன் தையல் மிஷின் மோட்டாரும் அப்படித்தான். கரண்டு ஓடுறப்பதான் அது காந்தம். நிப்பாட்டினா வெறும் இரும்பும் செம்புக் கம்பியும்."

"அப்ப மிஷின ஓட்டக் கூடாது."

"ஃபேனுக்குள்ளயும் அதேதான். அதையும் நிப்பாட்டிரு, நான் வெந்து சாவுதேன்."

சாவு என்ற சொல்லை இந்த வீட்டில் இப்போது யாரும் சொல்லக் கூடாது. ஃபேன் தலைக்கு மேலே எட்டடி உயரத்தில் இருக்கிறது, அது ஓடட்டும் என்றேன். தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டேன்.

அவருக்குப் பொழுது போகவில்லை. அஞ்சறைப் பெட்டியிலிருந்த சில்லறையை எடுத்துவரச் சொன்னார். என் குண்டூசி பொறுக்குகிற காந்தத்தை நான் சமையலறை வாசலில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும், அவர் அங்கிருந்தே ஒவ்வொரு காசாகத் தூக்கிப்போடுவார். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எல்லாம் டக்கென்று ஒட்டிக்கொள்கின்றன. மஞ்சள் நிற ஐந்து ரூபாய் ஒட்டவில்லை. பழைய கனத்த ஒரு ரூபாய் ஒன்று கிடந்தது, அதுவும் ஒட்டவில்லை. "அதெல்லாம் வேற உலோகம்" என்றார். சின்னப்பிள்ளைகள் மாதிரி அரைமணி நேரம் விளையாடினோம். நடுவில் அறை அகலத்துக்கு இடைவெளி.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்கு நான் மட்டும் போய்வந்தேன். ரீத்தாக்காதான் கொஞ்ச நேரம் இவரோடு இருந்தாள். அவள் மருமகளுக்கு இரண்டு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறாள். இன்னும் ஏழெட்டுப் பேருடையது மூட்டையாகக் கிடக்கிறது. "மோட்டார்ல காந்தமாம் அக்கா. இவுக உள்ள இருக்கப்ப ஓட்ட முடியாது" என்றேன்.

"உன் ரூம்பு அங்கன இருக்கு. அவரு இங்கன இருக்காரு. நடுவுல சுவரு இருக்கேடி."

காந்தத்துக்குச் சுவர் ஒரு பொருட்டா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஜூன் 12, புதன்

மீன் வாங்கப் போய்விட்டு வந்தேன். பின்வாசலில் நுழைந்தவுடனேயே பசை வாசம். ஸ்பீக்கர் காகிதம் ஒட்டுகிற அந்தப் பசை. ஓடினேன். கடையில், தன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மடிக்கு முன்னே ஒரு ஸ்பீக்கர் கவிழ்ந்து கிடக்கிறது.

நான் போட்ட சத்தத்தில் ரீத்தாக்கா வேலியைத் தாண்டி வந்துவிட்டாள்.

"தள்ளித்தான வச்சிருக்கேன், ஏன் கத்துத?"

வழக்கம்போல என் கழுத்தில் அளவு டேப் கிடந்தது. இழுத்து அளந்தேன். சட்டைப் பொத்தானிலிருந்து காந்தத்துக்கு ஒன்பது அங்குலம். அரையடிக்கு மேல்தான். சின்ன ஸ்பீக்கர்தான். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது.

"இது சின்னது. பின்னால இருக்கே, அதெல்லாம்? குனிஞ்சு எடுக்கையில நெஞ்சில ஒட்டிக்கிட்டா?"

"உக்காந்து உக்காந்து நான் என்னத்த செய்ய ஜெசி? காசத் தூக்கிப் போட்டு விளையாடவா? நான் பொழைக்கணும்னுதான இதை வச்சாங்க? பொழச்சி என்ன செய்யன்னு ஒருத்தரும் சொல்லலியே."

மீனை ரீத்தாக்காவிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். ஆய உட்கார மனமில்லை.

ஜூன் 13, வியாழன்

பேசவில்லை. நாடி மட்டும் கேட்டேன். சொன்னார்.

ஜூன் 15, சனி

கஸ்பார் வந்தான். கோவில் திருவிழாவுக்கெல்லாம் சவுண்டு செட் வாடகைக்கு விடுகிறவன். இவரைவிடப் பத்து வயது இளையவன். தெருக்கோடியில் இருக்கிற அன்னம்மாள் கோவிலில் அடுத்த மாதம் பதினேழாம் தேதி கொடியேற்றம். மழையில் நனைந்து, ஒலியைக் கூட்டி வைத்துக் கருகி, ஒரு டஜன் ஸ்பீக்கர் போய்விட்டதாம். வண்டியிலேயே கொண்டுவந்திருந்தான். ஒன்றை இறக்கும்போது கைதவறிக் கீழே போட்டுவிட்டான். முதுகுத் தகடு கழன்று காந்தம் இரண்டாகப் பிளந்துவிட்டது.

"அண்ணன் உடம்பு தெரியாம கொண்டாந்துட்டேன் அக்கா. திருநெல்வேலியில ஒரு கடை இருக்கு, அங்க குடுத்துக்கிடுதேன்" என்றான்.

இவர் உள்அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி உள்ளே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். கஸ்பார் தலையைச் சொறிந்தான்.

"இறக்கி வச்சிட்டுப் போ" என்றேன். "நான் செய்யுதேன்."

"நீங்களா?"

"இவுக சொல்லுவாக. நான் செய்யுதேன். கொடிக்கு ரெண்டு நாள் முன்னாடி வா."

அவன் போனதும் கடைத் தரையில் உட்கார்ந்தேன். உடைந்த காந்தத்தின் இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். காந்தமாயிற்றே, தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். ஒட்டவில்லை. உடைந்த இடத்தை உடைந்த இடத்தோடு சேர்க்கப் போனால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. வழுக்கிக்கொண்டு விலகுகின்றன.

"ஒண்ணக் கவுத்து வச்சா ஒட்டும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எழுந்து வந்திருக்கிறார். "ஆனா அப்படி வச்சா ஸ்பீக்கர் பாடாது. இப்பிடியே வச்சுப் பசை தடவி, மேலயும் கீழயும் தகடு குடுத்து, ரெண்டு பக்கமும் கட்டையால முறுக்கி வைக்கணும். காயுற வரைக்கும் தள்ளிக்கிட்டேதான் இருக்கும். விடக் கூடாது."

மூன்று நாளைக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு.

ஜூன் 19, புதன்

ஏற்பாடு இப்படி: துணி வெட்டுகிற என் மேசையைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இவர் உள்அறை வாசல் நிலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. அவர் அதைத் தாண்டக் கூடாது. கோட்டைப் பார்த்துவிட்டு, "கிளித்தட்டா விளையாடப் போறோம்?" என்று கேட்டார்.

முதல் நாளே ஒரு ஸ்பீக்கர் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். நான் கிழிக்கவில்லை. கையிலிருந்த திருப்புளியைக் காந்தம் வெடுக்கென்று பிடுங்கிக் காகிதத்தில் குத்திவிட்டது. "இரும்ப எடுத்துக்கிட்டு அங்கன போகாத. அது உன்கிட்ட கேக்காது, எடுத்துக்கிடும். மூங்கில் குச்சி இருக்கு பாரு" என்கிறார், குத்தி முடித்த பிறகு.

காந்தத்துக்கு நடுவே ஒரு வட்டப் பள்ளம். நகக்கண் அளவு இடைவெளி. அதற்குள்தான் செம்புக்கம்பிச் சுருள் மேலும் கீழும் ஆட வேண்டும். கரண்டு வந்தால் சுருளும் காந்தமாகிவிடும். ஒரு சமயம் இழுக்கும், ஒரு சமயம் தள்ளும். அந்த ஆட்டம்தான் காகிதத்தை அடித்துச் சத்தமாகிறது. முப்பது வருஷம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்திவிட்டு இதை இன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

பள்ளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள் பிடித்திருக்கும். ஊதினால் போகாது. ஒட்டு நாடாவை மடித்து விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். ஒரு துகள் மிஞ்சினாலும் ஸ்பீக்கர் கரகரக்கும். அப்புறம் சுருள் நடுவில் நிற்பதற்காகச் சுற்றிலும் பழைய எக்ஸ்ரே பிலிமைத் துண்டு வெட்டிச் செருகுவது. பசை காய்ந்ததும் உருவிவிடுவது. ரவிக்கையில் கை சேரும் வட்டத்துக்குப் பட்டி வைத்துத் தைக்கிற மாதிரிதான், அளவு சின்னது.

"உனக்கு என்னவிட கை சுத்தமா வருது" என்றார் சாயங்காலம். நான் அடுத்த பிலிமை வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

மூன்று ஸ்பீக்கர் முடிந்தது. நாடி சரி.

ஜூன் 30, ஞாயிறு

டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று இன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். இவர் ஒரு காரியம் சொல்லியிருந்தார். அதற்காகக் குண்டூசிக் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எடுத்துவந்தேன். வழியெல்லாம் அவருக்கு வலதுபக்கமாக, நாலடி தள்ளி நடந்தேன். தெரிந்தவர்கள் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

மணலில் அதை இழுக்கச் சொன்னார். இழுத்துத் தூக்கினால் பை முழுக்க மயிர் முளைத்ததுபோல் கறுப்பு மணல். கடற்கரை மணல் இத்தனை நாளும் எனக்கு ஒரே மணல். அதற்குள் காந்தக் கல்லின் தூளும் கலந்து கிடக்கிறதாம். பைக்குள்ளிருந்து காந்தத்தை எடுத்ததும் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு மூன்று தடவை செய்தேன். தூர நின்று பார்த்துக்கொண்டே பேசினார்.

பத்தொன்பது வயதில் அப்பாவோடு கடலுக்குப் போனபோது படகில் ஒரு பழைய டேப் ரிக்கார்டரைக் கொண்டுபோனாராம். பாட்டுக் கேட்க. திசைகாட்டிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். அதன் ஸ்பீக்கரிலிருந்த காந்தம் முள்ளைத் திருப்பிவிட்டது. வடக்கு என்று முள் காட்டியது வடக்கு இல்லை. விடிந்து பார்த்தால் கரை இருக்க வேண்டிய பக்கம் வெறும் தண்ணீர். இலங்கைப் பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அப்பா என்ன செஞ்சாக?"

"எனக்கு ஒரு அறை. டேப் ரிக்கார்டர் கடலுக்குள்ள போச்சு. ஆனா எனக்கு அன்னைக்குதான் ஆச்சரியம் புடிச்சுது. உள்ளங்கை அளவு சாமான். பூமியவிட நாந்தான் பெரியவன்னு அந்த முள்ளுகிட்டச் சொல்லியிருக்கே. அது என்னன்னு பாக்கணும்னு கரைக்கு வந்ததும் ஒரு ஸ்பீக்கரப் பிரிச்சேன். பெறவு கடலுக்கே போகல."

இந்தக் கதையும் எனக்குப் புதிது. சுகமாக இருந்த காலத்தில் இவர் இவ்வளவு பேசியதே இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் செலின் கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டாள். திசைகாட்டிக் கதையைச் சொன்னேன், அவள் வேறொன்று சொன்னாள். கடல் ஆமை எந்தக் கரையில் பொரித்ததோ, பல வருஷம் கழித்து அந்தப் பக்கத்துக் கரைக்கே முட்டை போட வருவது பூமியின் காந்தத்தை வைத்துத்தானாம். ஒவ்வொரு கரைக்கும் அது கொஞ்சம் மாறுமாம், ஆமை அதைப் பிறந்த அன்றைக்கே மனதில் வைத்துக்கொள்ளுமாம். "அப்பாட்ட சொல்லும்மா" என்றாள். "நீயே சொல்லு" என்று போனை அவர் வலது காதுப் பக்கம் ஒலியைக் கூட்டிப் பிடித்தேன். கையை நீட்டி, எட்டிப் பிடித்தேன்.

ஜூலை 5, வெள்ளி

எட்டு முடிந்தது. உடைந்த காந்தமும் ஒட்டி நின்றுவிட்டது. இன்று அதற்குக் கரண்டு கொடுத்துப் பார்த்தோம். செலின் சின்ன வயதில் பதிந்துவைத்த ஒரு சாமி பாட்டு. பிசிறில்லை. இவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டினார்.

எனக்கு உறக்கம் சரியில்லை. கதவைத் திறந்தே வைத்துக்கொள்கிறேன். மூச்சு கேட்கும்.

ஜூலை 8, திங்கள்

ரீத்தாக்கா ரவிக்கைத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கோபமில்லை என்றாள். இவர் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். பிறகு மூடிக்கிடக்கிற மிஷினைப் பார்த்தார்.

ஜூலை 11, வியாழன்

திருநெல்வேலிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். நிதானமாக எழுத வேண்டும்.

இவரைப் படுக்கவைத்து நெஞ்சில் கம்பிகள் ஒட்டினார்கள். திரையில் கோடு ஓடியது. டாக்டரம்மா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாமானை எடுத்தார். வடை மாதிரி வட்டமாக, நடுவில் ஓட்டையோடு. எனக்கு அது என்னவென்று தெரியாதா? ஒரு மாதமாகக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கொண்டுபோய் நேராக அவர் நெஞ்சில், அந்தப் பெட்டிக்கு மேலேயே வைத்துவிட்டார்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "காந்தம்! அது காந்தம்!" என்று கத்துகிறேன்.

"அம்மா. கையை விடுங்க. அவருக்கு ஒண்ணும் ஆகலை. திரையைப் பாருங்க."

பார்த்தேன். முன்னால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த கோடு, இப்போது மிஷினில் ஓட்டிய தையல்போல ஒரே அளவாக ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தப் பெட்டி எப்பவும் அவர் இதயத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கும்மா. அது தானா துடிச்சா இது சும்மா இருக்கும். துடிக்கலைன்னா தட்டும். காந்தத்தை வச்சா கேக்கிறதை மட்டும் நிறுத்திடும். கேக்காம ஒரே வேகத்தில தட்டிக்கிட்டே இருக்கும். நாங்க சோதிக்கிறதே இப்படித்தான். எடுத்துட்டா..." எடுத்தார். "பழையபடி கேக்க ஆரம்பிச்சிடும். பாருங்க."

"அப்ப எதுக்கு அரையடி?"

"நீங்களா வச்சு விளையாடக் கூடாதுல்ல? கேக்காம தட்டுறது நல்லது இல்லை. அதனால தள்ளி வைக்கச் சொல்றோம். அரையடின்னா அரையடி போதும். மிக்ஸி, ஃபிரிட்ஜ், தையல் மிஷின் எல்லாம் சாதாரணமா பயன்படுத்தலாம். பெரிய ஸ்பீக்கரைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்காதீங்க, அவ்வளவுதான்."

படுத்திருந்த மனுஷர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "டாக்டர், பக்கத்துல படுக்கலாமான்னு அவளுக்குக் கேக்கணும். வாய் வரல."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா கிட்ட காந்தம் ஒண்ணும் இல்லையே?" என்றார். நான் சுவரிலிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. இவர் பக்கத்தில். ஊர் நெருங்கி, உப்பளம் தெரிய ஆரம்பித்தபோது மெதுவாகக் கேட்டார்.

"நீ மிஷின் ஓட்டாதது காந்தத்துக்காக இல்ல. அன்னைக்கு நான் விழுந்த சத்தம் மிஷின் சத்தத்துல கேக்கல. அதுக்காகத்தான?"

"மோட்டார்ல காந்தம் இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க."

"சொன்னேன். நான் விழுந்து எவ்வளவு நேரம் கழிச்சி வந்த?"

"தெரியாது."

"பெறவு எப்படி வந்த?"

உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பாபின்ல நூல் தீந்துபோச்சு. புது நூல்கண்டு எடுக்க எந்திரிச்சேன். இல்லன்னா அந்த ரவிக்கைய முடிச்சிருப்பேன்."

இவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நூல் தீந்துச்சுல்லா? வந்தல்லா? அவ்வளவுதான் ஜெசி."

பஸ்ஸில் அழுகிற பழக்கம் எனக்கு இல்லை. கண்ணில் காற்று அடித்தது.

ஜூலை 12, வெள்ளி

கட்டிலை எங்கள் அறைக்கே திரும்ப இழுத்துப்போட்டேன். நிலையில் இடித்து ஒரு கால் ஆடுகிறது. காகிதம் மடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 13, சனி

மிஷினுக்கு உறையை எடுத்து எண்ணெய் விட்டேன். ரீத்தாக்காவிடம் போய்த் துணியைக் கேட்டு வாங்கிவந்தேன். பெடலை மிதித்ததும், உள்ளிருந்து இவர் பாட ஆரம்பித்தார். ராகம் கிடையாது, வரி சரியாகத் தெரியாது. மிஷின் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழிய ஒரு பாட்டு. நான் நிறுத்தினால் அவரும் நிறுத்துகிறார். மிதித்தால் பாடுகிறார். அவருக்குத் தெரியும், நான் காதை அங்கேதான் வைத்திருக்கிறேன் என்று.

ரீத்தாக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"நல்லாத்தான் இருக்காவ" என்றேன். இரண்டு ரவிக்கையும் பொழுது சாய்வதற்குள் முடிந்தது.

ஜூலை 15, திங்கள்

கஸ்பார் வந்து பன்னிரண்டையும் எடுத்துப் போனான். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். "அண்ணன் கை மாதிரியே இருக்கு அக்கா" என்றான். "அவ கை" என்றார் இவர் நாற்காலியிலிருந்து.

ஜூலை 17, புதன்

கொடியேற்றம் நல்லபடி முடிந்தது. ஆனால் நடுவில் ஒரு கூத்து.

ஐந்து மணிக்கெல்லாம் கோவில் முற்றத்தில் இருந்தோம். ஸ்பீக்கர் பெட்டிகளை நாலு மூலையிலும் அடுக்கியிருந்தார்கள். இவரை வேப்பமரத்தடியில், எல்லாப் பெட்டிக்கும் எட்ட, பெஞ்சில் உட்காரவைத்தேன். பிள்ளைகளின் பாட்டு ஆரம்பித்தது. முதல் வரியிலேயே எனக்குக் கேட்டுவிட்டது. கிழக்கு மூலையில் ஒன்று கரகரவென்று இழுக்கிறது. சுற்றி நின்ற ஒருவருக்கும் கேட்கவில்லை, அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கால்மணி நேரத்தில் மறைமாவட்டத்து ஆயர் பேச வருகிறார். அவர் குரலில் அந்தக் கரகரப்பு ஏறினால் ஊர் முழுக்கக் கேட்கும்.

இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிழக்கு மூலைக்கு ஓடினேன். கஸ்பாரை இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியின் கம்பியைப் பிடுங்கச் சொன்னேன். முன்பலகையைத் திறந்தான். கையால் காகிதத்தை அழுத்திப் பார்த்தேன். சுருள் ஒரு பக்கம் உரசுகிறது. ஒட்டும்போது சரியாகத்தானே நின்றது? பிலிமைச் சரியாகத்தானே செருகினேன்? அப்போதுதான் உறைத்தது. என் மேசையில் அது படுத்துக் கிடந்தது. இங்கே இரண்டு நாளாக நின்றுகொண்டிருக்கிறது. குறுக்கு வெட்டில் வெட்டிய பாவாடையைத் தொங்கவிட்டால் ஒரு பக்கம் இறங்கிவிடும். திருப்பித் தொங்கவிட்டால் சரியாகும். காகிதமும் தன் பாரத்தில் இறங்கியிருக்கிறது.

"நாலு திருகையும் கழத்து. தலைகீழா திருப்பிப் போடு."

"ஸ்பீக்கரையா? வட்டமாத்தான இருக்கு, திருப்பினா என்ன?"

"சொன்னதச் செய் கஸ்பார்."

அவன் கழற்றும்போது ஒரு தடவை வேப்பமரத்தடியைப் பார்த்தேன். இவர் பெஞ்சில் இல்லை. பெஞ்சின் மேலே ஏறி நின்றுகொண்டிருந்தார். கூட்டத்துக்கு மேலே வலது கையைத் தூக்கி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். திருப்பு, திருப்பு என்று. நான் தலையை ஆட்டினேன். கையை இறக்கிக்கொண்டார்.

மாட்டி, கம்பியைச் செருகியதும் ஆயர் ஒலிவாங்கியில் தொண்டையைச் செருமினார். சுத்தமான செருமல். பிசிறில்லை.

கொடி ஏறி, வெடி வெடித்து, கூட்டம் கலைய ஆரம்பித்த பிறகு இவர் மெதுவாக அந்த மூலைக்கு வந்தார். பாட்டு மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கிட்டே போய்க் கேட்க ஆசை, முகத்திலேயே தெரிந்தது. கடைசி வரை போகவிட முடியாது, அது பெரிய காந்தம். நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். முதுகைப் பெட்டிக்குக் கொடுத்து, அவரைப் பார்த்து. கையை நீட்டி அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, "இங்கன நிப்பாட்டுங்க, இவ்வளவுதான்" என்றேன். பாட்டு என் முதுகில் அதிர்ந்து தோள் வழியாகக் கைக்கு ஓடியது. அந்தப் பக்கத்தில் அவர் நெஞ்சுத் துடிப்பு.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாடுது ஜெசி" என்றார்.

நான் கையை எடுக்கவில்லை. அடுத்த பாட்டும் முடியட்டும் என்று நின்றோம்.